பாலைக்கு நிலம் உண்டோ?

சங்க மலர்களில் வெளிவரும் இலக்கியக் கட்டுரைகளை முப்பது ஆண்டுகளாக விடாது படித்து வருகிறோம். அவ்வப்போது எழுதியும் இருக்கிறோம். ஐந்திணை பற்றிய கட்டுரை ஒன்றேனும் இல்லாத மலரைக் கண்டதாக நினைவில்லை. அவற்றுள்ளும் பாலைத் திணை பற்றியனவே மிகுதி. இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. அதிலும் பொருள் தேடச் செல்லும் பிரிவே பெரும்பான்மை. பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்தவர்கள் கூடி நடத்தும் சங்கத்தில் அப்பாடல்கள் நெஞ்சைத் தொடுதல் இயல்பே. தலைவன் சுரம் கடந்தான், நாம் கடல் கடந்தோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவையில் கைதட்டல் எழும். அவ்வரியை நாமும் ஒருமுறை எழுதியிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஆயினும் இக்கட்டுரைகளில் ஒரு பெருங்குறை உண்டு. பிரிவை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிடுகின்றன. வெந்த பாறையும் நீரற்ற கூவலும் இலையுதிர்ந்த மரமும், தலைவியின் துயருக்குப் பின்னே தொங்கவிடப்பட்ட நாடகத் திரைச்சீலைகளாகவே நமக்குத் தோன்றிவிட்டன. குறை பிறருடையது மட்டுமன்று. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, குறிஞ்சியை நீலகிரியில் காட்டினீர்கள், மருதத்தைத் தஞ்சாவூரில் காட்டினீர்கள், பாலையை எங்கே காட்டுவீர்கள்?" என்று கேட்டாள். "பாலைக்குத் தனி நிலம் இல்லை அம்மா, அது மனத்தின் நிலை" என்று விடை கூறி அமர்த்திவிட்டோம். விடை அழகாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் ஊருக்குச் சென்றபோதுதான் அது தவறான விடை என்பது புலப்பட்டது.

நம் ஊர் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ளது. களியிக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு நடந்தே போய்விடலாம். பெரியம்மை வீடு கேரளத்தில். அவர் மகளைக் கொடுத்த வீடு தமிழ்நாட்டில். இடையே உள்ள தொலைவு இரண்டு பேருந்து நிறுத்தம். நாம் சென்றது சித்திரை மாதம். எங்கு நோக்கினும் பச்சை. ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி என்று வேலிக்கு வேலி நிறைந்திருந்தன. கொல்லைப்புறம் சென்று கிணற்றில் வாளியை இறக்கினோம். அடியில் கல்லில் மோதிய ஓசைதான் கேட்டது. "கயிறு எட்டாது மக்கா. பண்டு மேடத்திலயும் வாளி முங்கும்" என்றார் பெரியம்மை. அக்கிணற்றை இருமுறை தோண்டி ஆழப்படுத்தியாயிற்று. குடிநீர் வண்டி வரும் நாளைச் சுவரில் கரித்துண்டால் குறித்து வைத்திருந்தார். மேலே பச்சை, கீழே வறட்சி என்னும் இக்காட்சியை எந்தத் திணையில் அடக்குவது? அன்றிரவு சிலப்பதிகாரத்தை எடுத்துக் காடுகாண் காதையை மீண்டும் படித்தோம். இக்கட்டுரை அப்போது பிறந்தது.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கினுக்கும் நிலமும் தெய்வமும் வகுக்கிறார். நடுவே உள்ள பாலைக்கு நிலம் கூறாது விடுத்துக் காலத்தை மட்டும் தருகிறார்: நண்பகலும் வேனிலும். உரையாசிரியர் தொட்டு இன்றைய பாடநூலாசிரியர் வரை பலரும் இவ்விடத்தில் நின்று, தமிழ்நாட்டில் பாலைவனம் இன்மையின் நிலம் கூறப்படவில்லை என்று அமைதி காண்பர். இவ்வமைதி நமக்கு நிறைவு தரவில்லை. நிலம் தராமல் காலத்தைத் தந்தார் எனின், பாலை என்பது இருக்கும் இடம் அன்று, நேரும் நிகழ்ச்சி என்று பொருள்படும். எந்த நிலத்துக்கும் அது நேரலாம்.

இளங்கோவடிகள் இக்கருத்தை வெளிப்படையாகவே கூறுகிறார். மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழியை உரைக்குமிடத்து, கதிரவனும் வேனிலும் முறை பிறழ்ந்தமையால் முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பை இழந்து, காண்போர் நடுங்கும் துயர் தந்து, பாலையின் வடிவத்தை மேற்கொண்டுவிட்டன என்கிறான். இப்பகுதியை மேற்கோள் காட்டாத பாலைக் கட்டுரை இல்லை. ஆனால் நாம் படித்த கட்டுரைகளும் கேட்ட சொற்பொழிவுகளும் ஏறக்குறைய அனைத்துமே முல்லையும் குறிஞ்சியும் என்று தொடங்குமிடத்திலிருந்தே எடுத்தாள்கின்றன. அதற்குச் சற்று முன்னர் ஓர் உவமை இருக்கிறது. அரசனும் அவன் தொழிலாளராகிய அதிகாரிகளும் ஒருங்கே கோணியதால் ஆட்சி முறையை இழந்துவிட்ட அகன்ற நாட்டைப் போல, என்பது அவ்வுவமை. கதிரவனை வேந்தன் என்றது அவ்வுவமைக்கு இயையவே. அதனை வெட்டிவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொண்டால் கிடைப்பது வெயிலின் வருணனை. அதனையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது வேறு.

உவமை உவமையே, ஆட்சி கோணியதால் மழை பொய்த்தது என்று இளங்கோ இங்கே கூறிவிடவில்லை. அவ்வாறு பொருள் கொண்டு மேடையில் முழங்குவது மிகையாகும். ஆனால் ஒரு கவிஞன், வறண்ட காட்டுக்கு உவமை தேடும்போது, அடுப்பையோ சுடுகாட்டையோ நாடாமல் கோணிய அரசை நாடினான் என்பதை எளிதில் தள்ளிவிட இயலாது. யாரிடம் கூறப்படுகிறது என்பதையும் எண்ணுக. கேட்பவன் கோவலன், பொருளிழந்து, சிலம்பை முதலாகக் கொண்டு மீண்டும் பொருளீட்ட நடந்து செல்பவன். அவன் போய்ச் சேரும் நகரில் அவனைக் கொல்லப்போவது வெயில் அன்று. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற அரசனின் கோணல். பின்னர் எரியப்போகும் மதுரைக்கு முன்னறிவிப்பாக அவ்வுவமை காட்டுவழியிலேயே வைக்கப்பட்டுள்ளது. காப்பியக் கட்டுக்கோப்பைப் பாராட்டும் நம் திறனாய்வாளர் இதனைக் கண்டு பேசியிருக்க வேண்டும். பேசாதது வியப்பே.

இவண் ஒரு சிறு செய்தி. பாலையைப் பாடிப் பெயர் பெற்றவரும் சேரர். பாலை பாடிய பெருங்கடுங்கோ. இளங்கோவும் சேரர் குடியினர் என்பது மரபு. மழைமிக்க நாட்டார்க்குப் பாலையில் என்ன பழக்கம் என்று கேட்போர் உளர். கருவூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டு பெருங்கடுங்கோன் என்னும் பெயரைத் தருகிறது. கொங்கின் காய்ந்த நிலமும் சேரர் கண்ட நிலமே என்பதற்கு அது சான்றாகும். தன் பிடியின் பசியைத் தீர்க்கக் களிறு யாமரத்தின் பட்டையைப் பிளந்து கொடுக்கும் அவரது குறுந்தொகைக் காட்சியை அன்பின் சின்னமாக நாம் போற்றுகிறோம், போற்றத்தக்கதே. ஆனால் புல்லும் நீரும் அற்றுப்போன காட்டில்தான் யானை மரப்பட்டையை உரிக்கும் என்னும் நிலத்தின் செய்தியும் அதில் உண்டு.

இனி இக்காலத்து அறிஞர் கூற்றுக்கு வருவோம். நிலம் பாலையாவதை எதிர்ப்பதற்கென ஐக்கிய நாடுகள் அவை 1994ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் பாரிசில் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அந்நாளையே உலகம் இன்று பாலையாதலையும் வறட்சியையும் எதிர்க்கும் நாளாகக் கொண்டாடுகிறது. தட்பவெப்ப வேறுபாடுகளாலும் மனிதர் செயல்களாலும் நிலம் வளம் குன்றுவதே பாலையாதல் என்பது அவ்வுடன்படிக்கை தரும் விளக்கம். ஞாயிறும் அரசும் ஒரே தொடரில் நின்றதை நினைவுகூர்க. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நிலப்படத் தொகுப்பு, 2018-19இல் நாட்டின் பரப்பில் 29.77 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 9 கோடியே 78 இலட்சம் ஹெக்டேர், இவ்வாறு வளம் குன்றியதெனக் கணக்கிடுகிறது. ஆனால் ஐ.நா. விளக்கம் வறண்ட, ஓரளவு வறண்ட, ஈரம் குறைந்த பகுதிகளுக்கு மட்டுமே உரியது. இரு பருவமழையும் பெறும் நெய்யாற்றின்கரை போன்ற ஈரநிலம் அச்சொல்லுக்குள் அடங்காது. பெரியம்மையின் கிணறு வற்றியது வற்றியதே. அதற்குப் பெயர்தான் இல்லை. இவ்விடத்தில் பாரிசில் கூடியவர்களைவிட இளங்கோவே நமக்கு உதவுகிறார். முல்லையையும் குறிஞ்சியையும் எடுத்துக்கொண்டு, அவையே பாலையாகும் என்றவர் அவர்.

எவ்வாறு ஆகிறது என்பதை எல்லைப்புற ஊர்ப்பெயர்களைக் கொண்டே விளக்கிவிடலாம். அமரவிளை, இஞ்சிவிளை, களியிக்காவிளை. விளை என்பது மேட்டுத் தோட்டம். உதியன்குளங்கரை, குளத்தூர். குளம் இருந்த இடங்கள். பெயரில் வராவிடினும் ஒவ்வொரு ஊரிலும் வழங்கும் மற்றொரு சொல் ஏலா. இரண்டு மேடுகளுக்கிடையே நீண்டு வளைந்து செல்லும் நெல்வயல். இம்மூன்றும் ஒரே அமைப்பின் உறுப்புகள். விளையில் பெய்த மழையைக் கையாலை என்னும் கல் வரப்பு தடுத்து நிறுத்தும். நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கும். இறங்கியது குளத்திலும் ஏலாவிலும் ஊறி வெளிப்படும். ஏலாவில் மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்பதால் இருமருங்கும் உள்ள கிணறுகள் கோடையிலும் வற்றாது. ஊர்ப்பெயர்ப் பலகைகளை வரிசையாகப் படித்துச் சென்றால் ஒரு நீர்க்கணக்கே கிடைக்கும். பழம்பாடலுக்கு உரை காண்பவர்கள் இதற்கும் ஒருநாள் உரை எழுதலாம்.

அம்மண்ணின் இயல்பு நம் பலர்க்கும் தெரியாது. அது வெட்டுகல் மண். நூறாயிரம் மழைகள் மண்ணிலுள்ள மணற்சத்தைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் எஞ்சிச் சிவந்த மண். 1807இல் வெளிவந்த தம் பயண நூலில், மலபாரில் அங்காடிப்புறத்தருகே கண்ட இம்மண்ணுக்கு லேட்டரைட் என்று பெயரிட்டார் பிரான்சிஸ் புக்கானன். நிலத்துக்குள் ஈரமாக இருக்கும்போது கருவியால் கட்டி கட்டியாக வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் படவைத்தால் செங்கல்லாக இறுகிவிடும். பின்னர் எத்துணை நனைத்தாலும் இளகாது. அதன்மேல் போர்த்திருக்கும் ஓரிரு அடி மேல்மண் மழையில் கரைந்து போயிற்றென்றால், கீழே இருப்பது நிலமன்று, சுவர். அதன்மீது பெய்யும் மழை ஓடுமே தவிர இறங்காது. பாலை வடிவம் கொள்ளுதல் என்பது எல்லைப்புறத்து மேடுகளில் உருவகம் அன்று.

மேல்மண் போனது மட்டுமன்று. நீரை நிறுத்திய ஏலாவும் போயிற்று. 1970களின் நடுவில் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேர். அது சுருங்கிச் சுருங்கி 2 இலட்சம் அளவுக்கு வந்துவிட்டது. நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கும் சட்டம் 2008இல்தான் வந்தது. நிலத்தடி நீரை மிகையாக இறைத்தமையால் கேரள நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்ட வட்டாரங்களுள் நெய்யாற்றின்கரையை ஒட்டிய அதியன்னூரும் ஒன்று. வான்மழையின் போக்கும் மாறிவருகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏழு விழுக்காடு அளவுக்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே பல நாள் பெய்ய வேண்டிய மழை சில நாளில் கொட்டித் தீர்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த மாதமே ஆறுகள் மெலிந்து கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதாக மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் செய்தி வந்தது. மழையைப் பிடித்துவைக்கும் மண் இல்லாதபோது வெள்ளமும் வறட்சியும் இரட்டைப் பிள்ளைகளாகிவிடுகின்றன.

இம்மாற்றத்தை நம் நாவலாசிரியர்கள் கண்டார்களா? எல்லைப்புறத்தை ஒட்டிய மண்ணில் பிறந்த இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964). மற்றொன்று, ஜெயமோகனின் 'ரப்பர்' (1990).

'புத்தம் வீடு' நாவலைச் சங்கக் கூட்டங்களில் ஒரு காதற்கதையாகவே பேசிப் பழகிவிட்டோம். பழம்பெருமை மிக்க வீட்டுப் பெண் லிஸிக்கும் பனையேறும் குடும்பத்துத் தங்கராஜுக்கும் இடையே எழுந்த அன்பும், அதற்கு வந்த தடைகளும் என்று சுருக்கிவிடுகிறோம். அவ்வாறு சுருக்கும்போது நழுவிப் போவது பனை. அந்நாவலில் பனை அணிக்கு வைத்த மரம் அன்று. ஏறுபவன் யார், ஏறாதவன் யார் என்பதைக் கொண்டே அங்கே மேலும் கீழும் அளக்கப்படுகிறது. அக்கானி இறக்குவதும் கருப்பட்டி காய்ச்சுவதும் ஓர் ஊரின் நாட்காட்டி. இன்று அந்நாவலைப் படிக்கும் எல்லைப்புறத்து இளைஞனுக்கு அக்கானி என்றால் என்னவென்று அடிக்குறிப்பு எழுத வேண்டும். நீர் ஊற்றாமலே நிற்கும் அம்மரங்கள் செங்கற்சூளைக்கு விறகாயின. அதே சூளைக்குக் களிமண் ஏலாவிலிருந்து வெட்டப்பட்டது. ஒரு வாயில் பனையையும் மறு வாயில் வயலையும் தின்று அச்சூளைகள் ஈன்ற செங்கற்களே இன்றைய நம் வீடுகள். ஆசிரியர் இதனை எழுதவில்லை; எழுதும் நோக்கமும் அவருக்கு இல்லை. ஆனால் இழந்தது இன்னதென்று அறிய அவர் நூலை விடச் சிறந்த ஆவணம் நமக்கு வாய்க்கவில்லை. அடங்கிய குரலில், முழக்கமின்றி, அவ்வூர்ப் பேச்சிலேயே எழுதினார் என்பது அவருடைய வெற்றி.

'ரப்பர்' நேரடியாகவே நிலத்தைப் பேசுகிறது. காட்டைத் திருத்தி ரப்பர் வைத்து உயர்ந்த குடும்பம் ஒன்று அதே வேகத்தில் உள்ளீடற்றுச் சரிவதை அது காட்டுகிறது. ஒரு பணப்பயிரையே கதைமாந்தராக நிறுத்திய துணிவு பாராட்டத்தக்கது. இருப்பினும் நமக்கு ஒரு தடை உண்டு. மரத்தின்மீது சுமத்தப்படும் பழி அளவுக்கு மிஞ்சியது. சரிவுக்குக் குறுக்கே படி வெட்டி, இடையே பயறுவகைக் கொடியைப் படரவிட்டு வளர்க்கும் ரப்பர் மண்ணைத் தாங்கவே செய்யும். கேடு வருவது இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போதும், படி வெட்டாமல் அவசரத்தில் நடும்போதும், எல்லாத் தோட்டமும் அந்த ஒரே பயிராகும்போதும். ஒழுக்கக்கேட்டின் உருவாக ஒரு மரத்தை நிறுத்துவது நாவலுக்கு வலிமை தருகிறது. மண்ணைப் பற்றிய அறிவுக்கு அது போதாது. மேலும், அந்நாவலின் கண் மலைச்சரிவின்மேல் நிலைத்திருக்கிறது. கீழே ஏலா தூர்ந்ததை எழுதும் நாவல் இனித்தான் வரவேண்டும். கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் கிடைத்தார். அங்கே வறட்சி கண்ணுக்குத் தெரியும். எழுதுவோர் கையில் தானே வந்து விழும். பச்சையின் அடியில் ஒளிந்திருக்கும் வறட்சியை எழுதுவது கடினம்.

கோணிய ஆட்சி என்னும் உவமைக்கு மீண்டும் வருவோம். அதற்கு எல்லைப்புறத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அகத்தியமலையில் தோன்றி 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடல் சேர்வது நெய்யாறு. அதன் அணை 1958இல் எழுந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்துக்கும் நீர் கொண்டு வந்தது. பாசனம் பெற்ற பரப்பு 9,200 ஏக்கர் என்பது தமிழ்நாட்டின் கணக்கு. 2004இல் அந்நீர் நின்றது. நெய்யாறு தன் எல்லைக்குள்ளேயே பிறந்து முடியும் ஆறு என்பது கேரளத்தின் வாதம். மாநிலப் பிரிவினைக்கு முன்னரே இரு பகுதிக்கும் பொதுவாகத் திட்டமிடப்பட்டது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2016இல் பருவமழை பொய்த்தபோது வானம் எல்லை பார்க்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் கேரளம் தன் 14 மாவட்டங்களையும், 2017 ஜனவரியில் தமிழ்நாடு தன் மாவட்டங்கள் அனைத்தையும் வறட்சிப் பகுதிகளாக அறிவித்தன. அக்கோடையில் திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்கே நெய்யாற்று நீரை இறைத்து அருவிக்கரைக்கு அனுப்ப நேர்ந்தது. நீர் இரு கரைக்கும் குறைந்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல இயலும்?

எவர் வாதம் வெல்லும் என்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கூற வந்தது இலக்கியத்தைப் பற்றி. எல்லைப் போராட்டத்தைப் பற்றி நம் மலர்களில் எத்துணையோ வீரக் கவிதைகள் வந்துள்ளன. மொழிக்கு எல்லை எங்கே என்று அவை உரத்துக் கேட்டன. அக்கால்வாயைப் பற்றி ஒரு கவிதையேனும் வந்ததா? சென்ற முறை அதன் கரையில் நடந்தபோது, உள்ளே இடுப்பளவு புல் வளர்ந்து, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்த்தவர் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி அவற்றை அதட்டினார்.

அரசுகளைக் குறைகூறி இங்கே நிறுத்திவிட்டால் அவையில் மீண்டும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நம் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். பாலைப் பாடல்களில் தலைவன் பொருள் தேடப் பாலையைக் கடந்து செல்கிறான். பாலை அவன் போகும் வழியில் இருக்கிறது. அவன் விட்டுச் சென்ற ஊரில் முல்லை பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. கார் தொடங்கியும் அவன் வரவில்லையே என்றுதான் தலைவி வருந்துகிறாள். நம் காலத்தில் இது தலைகீழாயிற்று. வழியில் பாலை இல்லை. விமானத்தில் நான்கு மணி நேரம் உறங்கினால் போய்ச் சேரலாம். பாலை தோன்றுவது விட்டு வந்த ஊரில். தோற்றுவிப்பது நாம் ஈட்டி அனுப்பும் பொருள்.

நாமும் அண்ணனும் அனுப்பிய பணத்தில் ஊரில் ஒரு வீடு எழுந்தது. ஏலாவின் பாதியைத் தூர்த்து, சாலையோரமாக, இரண்டு மாடி. தூர்க்க மண் வேண்டுமே? விளையின் மேட்டை வெட்டி லாரியில் கொணர்ந்து கொட்டினார்கள். நீரை உறிஞ்சிய மேடும் போயிற்று, நீரைத் தேக்கிய பள்ளமும் போயிற்று. ஒரே செலவில் இரண்டு. முற்றத்தில் புழுதி வரக்கூடாதென்று சிமெண்டுக் கட்டை பாவினோம். அதன்மேல் விழும் மழை படியிறங்கிச் சாலைக்குப் போய்விடுகிறது. ஆண்டில் பதினொரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கு நேர் மேலேயுள்ள பெரியம்மையின் கிணறு எந்த ஆண்டிலிருந்து வற்றத் தொடங்கியது என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதனைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதனையொத்த ஒரு வீடு இருக்கும் என்றே எண்ணுகிறோம். பொருள்வயிற் பிரிவைப் பற்றி நாம் எழுதிய கட்டுரைகளில் அந்தப் பொருள் ஊருக்குப் போய் என்ன செய்தது என்று ஒரு வரியும் இல்லாமற் போனதை இப்போது எண்ணி நாணுகிறோம்.

இதற்கு மறுதலையான பாடலும் நம்மிடம் உண்டு. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறியது. வானத்தை மட்டும் நம்பிய நிலம் எத்துணை அகன்றிருந்தும் அரசனுக்குப் பயன்படாது. நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தளைத்து நிறுத்துக என்று அவர் வேண்டுகிறார். அரசனைப் புகழ வந்த புலவர் வாய்க்கால் பேசுகிறாரே என்று முகம் சுளித்த அன்பர் ஒருவரை நாம் அறிவோம். நமக்கோ அதுவே புறநானூற்றின் உயர்ந்த பாடல்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது. பெரியம்மை வீட்டுக்கு மேலேயுள்ள விளையில் நூறு நாள் வேலைப் பெண்கள் சரிவுக்குக் குறுக்கே மழைக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மார்பளவு மண்வெட்டியை ஊன்றி நின்ற ஒருத்தி, "குழி வெட்டினா மட்டும் போதாது, கீழ கெடக்குத வயலையும் விட்டு வைக்கணும்" என்றாள். புலவியனார் சொன்னதுதான்.

கீழே எஞ்சியிருக்கும் வயல் நம்முடையது. பதினெட்டு சென்ட். நெல் விதைத்துப் பதினாறு ஆண்டாயிற்று, கோரை வளர்ந்திருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் இன்னும் நீர் நிற்கிறது. அதனை வாங்க ஒருவர் வந்திருப்பதாகத் தம்பி தொலைபேசியில் கூறினான். வயல்களின் அரசுப் பட்டியலிலிருந்து அதன் எண்ணை நீக்கும் வேலையை வாங்குபவரே பார்த்துக்கொள்வாராம். விலையும் நல்ல விலை. மலருக்குக் கட்டுரை அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லி அன்று பேச்சை முடித்துக்கொண்டோம். தம்பிக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.